நஷ்டத்துக்கு விற்றவள்

"வித்துட்டியா?"

புருஷன் வெற்றிச்செல்வன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"காலையிலயே வித்துட்டேன். பதினாலாயிரம் நஷ்டம்" என்றாள் வெண்ணிலா.

ஜமுனாமரத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். கையில் மிஞ்சுகிற காசில் மூன்று வருடமாக ஷேர் வாங்கி விற்கிறாள்.

"எறங்கறப்ப இன்னும் வாங்கிப் போட்டா வாங்கின வெலையோட ஆவரேஜ் கொறையும், ஏறும்போது லாபம்னு உரக்கடை சேட்டு அண்ணன் சொல்றாரு. அத்தினி பேரும் வாங்கறாங்க. நீ மட்டும் விக்கற."

"நல்லா ஏறிக்கினு இருக்கற ஷேரு நடுவுல கொஞ்சம் எறங்கினா நானும் வாங்குவேங்க. இது நாலு மாசமா எறங்கறப்பல்லாம் போன தடவையவிடக் கீழதான் போவுது. ஏறினாலும் பழைய உசரத்தைத் தொடாம திரும்புது. இதுல மேல மேல போட்டா நஷ்டம்தான் பெருசாவும்."

மாமனார் லட்சுமணன் அப்போதுதான் உள்ளே வந்தார். புளி வியாபாரி. கறாரான மனுஷன்.

"எவ்ளோ போச்சு?"

"பதினாலாயிரம் மாமா."

"இது சூதாட்டம்னு அன்னிக்கே சொன்னேன். புளி வாங்கிப் போட்டிருந்தா புளியாவது மிஞ்சியிருக்கும்."

வெண்ணிலா கண் கலங்கியது தெரியாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பத்தே நாளில் அந்த ஷேர் கொஞ்சம் ஏறியது. சேட்டு சென்டருக்கே வந்து ஜிலேபி நீட்டினார்.

"பயப்படறவங்களுக்கு ஷேர் மார்க்கெட் ஆவாதும்மா."

"இப்பவாவது திருப்பி வாங்கிடேன்" என்றான் வெற்றிச்செல்வன்.

அவளுக்கும் கை துறுதுறுத்தது. போன மாதங்களின் விலையை இன்னொரு முறை பார்த்தாள். பழைய உயரத்தைத் தொடவே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அடுத்த மாதமே ஷேர் சரிந்தது. சேட்டு இறங்க இறங்க வாங்கினார். பாதி விலைக்கு வந்த பிறகும் வாங்கினார். அப்புறம் வாங்கக் காசில்லை.

ஒரு மத்தியானம் சென்டர் வாசலில் வந்து நின்றார்.

"இப்ப இன்னா பண்றதும்மா?"

குத்திக்காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"இனிமே இதுல ஒரு ரூபா கூடப் போடாதீங்கண்ணா. போனது போவட்டும். கடை முதலைத் தொடாதீங்க."

அதற்குப் பிறகு ஷேர் வாங்குகிறவர்கள் எல்லாம் முதலில் சென்டருக்கு வந்து அவளை ஒரு வார்த்தை கேட்டார்கள். "வெண்ணிலா சொன்னா சரியா இருக்கும்" என்று சேட்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமனார் மட்டும் அசையவில்லை.

"நீ ஒரு நல்ல வார்த்தை சொல்லேன்பா" என்று மகன் கேட்டதற்கு, "சூதாட்டத்துக்கு இன்னாடா நல்ல வார்த்தை" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவரே சென்டருக்கு வந்தார்.

"போனு இன்னாவோ அப்டேட்டு கேக்குது. இந்தா, பாரு."

வெண்ணிலா வாங்கிப் பார்த்தாள். ஷேர் வாங்குகிற ஆப். கணக்கு லட்சுமணன் பேரில் இருந்தது. உள்ளே அவள் வாங்கிய அதே ஷேர்கள். ஒவ்வொன்றும், அவள் வீட்டில் புருஷனிடம் சொன்னதற்கு மறுநாள் வாங்கியது. சரிந்த அந்த ஷேர் மட்டும் அதில் இல்லை. அவள் விற்ற மறுநாள் காலையிலேயே அதை விற்றிருந்தார்.

"சூதாட்டம்னு சொன்னீங்களே மாமா?"

லட்சுமணன் வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நானா ஆடினா அது சூதாட்டம்தான். அதான் மூணு வருசமா, என் மருமவ வாங்கினா வாங்கறேன், என் மருமவ வித்தா விக்கறேன்."