பொன்னழகின் ஊக்கு

ஒரு நடிகையின் மானத்துக்கு அறுபத்தெட்டாம் வருஷத்தில் காரைக்குடி விலை பத்து ரூபாய். மேடையிலேயே சேலையில் பரிசு நோட்டுக் குத்துகிற சாக்கில், நாடகக் காண்டிராக்டர் வீரையா பொன்னழகின் தோளில் ஊக்கை இறக்கினார். அவள் துடித்ததைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. எழுபத்தெட்டில், டெலிவிஷன் நாடகத்துக்கு டில்லி கொடுத்த பதக்கத்தோடு அதே மேடையில் நிற்கிறாள். டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கிறது. "இவளுக்கு மொதமொத பரிசு குத்துனவன் நாந்தேன்!" என்று மைக்கில் முழங்குகிறார் வீரையா. "ஆமாண்ணே, குத்துனீக, மறப்பேனா? செத்த அசையாம நில்லுங்க." சிரித்தபடியே முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். அதே நோட்டு, துருவேறிய அதே ஊக்கு. அவர் நெஞ்சில் நிதானமாகக் குத்துகிறாள். அவர் வாய் பிளக்கிறது. கைதட்டலில் அவர் அலறல் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு விரிகிறது. அசல் பத்து ரூபாய், வட்டி ஒரு சொட்டு. கணக்கு நேர்.