சாந்தக் கதவு

ஆபீஸ் டென்ஷன் வீட்டுக்குள் வரக்கூடாதென்று, கைப்பிடியைப் பிடிக்கும் வீட்டுக்காரரின் நெஞ்சுப் படபடப்பு அடங்கினால் மட்டுமே திறக்கும் கதவுகளை அடுக்ககம் முழுக்கப் போட்டிருந்தார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் முதலில் கைதூக்கியவள் ரெஜினாதான்.

இன்று வேளச்சேரி நெரிசலில் மாட்டி அவள் வந்து சேர்வதற்குள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தன் நேரம் முடிந்ததென்று கிளம்பிவிட்டார். கைப்பிடி எட்டாத மகள் ஜெனி, உள்ளே காய்ச்சலோடு தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

ரெஜினா கைப்பிடியைப் பிடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மூச்சை மெதுவா இழுத்து விடுங்க மேடம்," என்றது கதவு.

இழுத்து விட்டாள். மறுபடியும் சிவப்பு.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "குழந்தைய நினைக்காதீங்க. வேற ஏதாச்சும் நினைங்க."

அழுகை சட்டென்று நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா, நான் அழல. கண்ணெல்லாம் தொடச்சிட்டேன். இப்போ திறக்குதா பாரு."

ரெஜினா மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள். சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கியது.