ஆதாரத்தை அழிக்க வேண்டாம்

"மம்மி, ஜல்தி சொல்லு. பைசா எத்தனை மணிக்குப் போச்சு?"

ப்ரசன்னா சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை அம்சவேணியின் முன்னால் வைத்தான்.

பணம் போய் முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. தொண்ணூற்றெட்டாயிரம். முழங்கால் ஆபரேஷனுக்கென்று இரண்டு வருடமாகச் சேர்த்தது.

மகன் விபத்தில் அடிபட்டுக் கிடப்பதாக, வேறொரு நம்பரிலிருந்து, அவன் குரலிலேயே யாரோ பேசியிருக்கிறார்கள். அனுப்பி முடித்த பிறகுதான் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதது அவளுக்கு உறைத்தது. பதறிப்போய் மகனின் நம்பருக்கு அடித்தால், அவன் தில்லி கரோல் பாக் மெட்ரோ வாசலில் நின்று சோளே பட்டூரே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

ஹெல்ப்லைன் பெண் பொறுமையாகக் கேட்டாள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டாள். வங்கிக்கும் உடனே சொல்லச் சொன்னாள். மெசேஜ், அழைப்பின் பதிவு எதையும் அழிக்காதீர்கள், எல்லாம் ஆதாரம் என்றாள்.

அம்சவேணி தடுமாறாமல் பதில் சொன்னாள். முப்பது வருடம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசித் தேறிய இந்தி அது.

கடைசியாக ஒரு கேள்வி. பேசியவன் உங்கள் மகன் இல்லையோ என்று சந்தேகம் வரும்படி எதுவும் இல்லையா?

இல்லை என்றாள்.

புகார் எண் வந்தது. பணத்தை நிறுத்திவைக்க முயல்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பெண் போனை வைத்தாள்.

அம்சவேணியின் போனில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும். புகாரோடு இணைப்பதற்காக ப்ரசன்னா அந்தப் பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டான்.

'அம்மா...' என்றது அவன் குரல்.

அங்கேயே நிறுத்தினான்.

நர்சரியில் சேர்ந்த மூன்றாம் வாரம் மம்மிக்கு மாறியவன் அவன். பிறகு காய்ச்சலில் பிதற்றியபோதுகூட மம்மிதான். ஒரு நாளாவது உன்னை இப்படிக் கூப்பிட்டிருக்கிறேனா, இதுகூடவா தெரியவில்லை என்று இந்தியில் கத்தினான்.

தெரிந்தது. அவன் மம்மி என்னாமல் அம்மா என்றது முதல் சொல்லிலேயே தெரிந்தது. அந்தப் பயத்தின் நடுவிலும் உள்ளே எங்கோ ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை நினைக்க இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அடிபட்டா யாரா இருந்தாலும் அப்படித்தானடா கத்துவாங்க. நீயும் கத்திட்டேன்னு நெனச்சேன்."

ப்ரசன்னா போன் திரையின் மேல் குனிந்தான். பதிவைப் புகாரோடு சேர்த்து அனுப்பினான். வேலை முடிந்துவிட்டது, இந்தக் கண்றாவி போனில் எதற்கு, அழித்துவிடட்டுமா என்று கேட்டான்.

அம்சவேணி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அழிக்கக் கூடாதென்று அந்தப் பெண் சொன்னாளே என்றாள்.

கேஸ் முடிய எத்தனை வருஷமாகும் என்று மட்டும் கேட்டாள்.