இரண்டு விரற்கடை

"இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு."

"ஊரே கிலோவுல சொல்லுது, நீ மட்டும் விரலைக் காட்டுறே!" கணவன் ஷூ லேசை இழுத்துக் கட்டியபடி சிரித்தான். "அது குறைஞ்சா ஜிப்பு ஏறிடுமா?"

அவள் தலையாட்டினாள். கதவுக்குப் பின்னால் நீலப் பட்டு கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மேனேஜராக இருக்கும் டைல்ஸ் கடையின் ஆண்டு விழாவுக்காக அவனே எடுத்து வந்தது. வேண்டுமென்றே ஒரு சைஸ் சின்னதாக.

"சனிக்கிழமைதானே விழா? என்னமோ நாளைக்கே மேடை ஏறப்போற மாதிரி தவிக்கிறே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகணுங்க. எப்படியாவது ஆகணும்."

"அடேங்கப்பா! பூசணிக்கு ரோஷம் வந்துடுச்சு." அவள் கன்னத்தைத் தட்டினான். "நேத்து உங்கம்மா போன் பண்ணாங்க. டயட்ல இருக்கா, பேசத் தெம்பில்லைன்னு சொல்லி வச்சுட்டேன். சரிதானே?"

அவளுடைய செல்பேசி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. சாப்பாட்டு வீடியோக்களைப் பார்த்தால் மனசு அலைபாயுமாம். ஃபிரிட்ஜுக்கும் பூட்டுப் போட்டிருந்தான். சாவி அவன் கொத்தில்.

"ஜன்னலைத் திறக்காதே, பெயிண்ட் நாத்தம் வரும். மேலேருந்து மாடி மாடியா அடிச்சிட்டு இறங்குறாங்க. மேஸ்திரி நம்ம ஆளுதான். இந்த வாரத்தோட விட்டது தொல்லை."

கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்று சுற்றி அடங்கியது.

அவள் அடுப்படிக்கு வந்து ஊலாங் டீ டப்பாவைத் திறந்தாள். கல்யாணமான இத்தனை நாளில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. கொழுப்பைக் கரைக்கும் என்றதும், மறுபேச்சில்லாமல் வாங்கி வந்துவிட்டான்.

மிளகு மிளகாகச் சுருண்டு கிடந்த இலைகள், வெந்நீர் பட்டதும் முறுக்கு அவிழ்ந்து விரிந்தன. இவ்வளவு பெரிய இலை இத்தனை சின்ன உருண்டைக்குள் எப்படித்தான் அடங்கியிருந்ததோ என்று அவளுக்குத் தினமும் ஆச்சரியம்தான்.

முதல் தண்ணீரைக் கொட்டினாள். இரண்டாவதில் தேன் நிறம் இறங்கியது. கசப்புக்குப் பின்னால் ஏதோ பூவின் வாசனை வந்தது. அதே இலைக்கு ஏழு முறை வெந்நீர் ஊற்றினாள். ஏழாவது வெறும் சூடு, பெயருக்குத்தான் டீ. அதையும் சொட்டு விடாமல் குடித்தாள். சாப்பிட்டாயிற்று என்று வயிற்றை நம்பவைக்க வேறு வழியில்லை.

வியாழன் காலை, அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, குளியலறைக்குள் போய் அளவு பார்த்துவிட்டு வந்தாள்.

"எவ்வளவு?"

"ஒண்ணு. ஒரே ஒரு விரக்கடை."

"பாவம்டி, ஒரு வாய் தின்னேன்." ரொட்டியை அவள் உதட்டருகே கொண்டுவந்தான். வெண்ணெய் வாசனையில் அவளுக்குக் கண் இருட்டியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடினாள்.

"கெட்டிக்காரி! சோதிச்சுப் பார்த்தேன்." அதைத் தன் வாயில் போட்டு மென்றான். "என் பக்கத்துல நீ வந்து நிக்கும்போது, அங்க ஒவ்வொருத்தனுக்கும் வயிறு எரியணும்."

அவன் போனபின் அன்று பன்னிரண்டு கோப்பை குடித்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. சாவிச் சத்தம் அடங்கியதும் வழக்கம்போல வெந்நீர் வைத்தாள், இலையைப் போட்டாள், கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு அப்படியே தொட்டியில் கொட்டினாள். இன்று வயிற்றில் தண்ணீர்கூட இருக்கக் கூடாது.

இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். அடுத்த முறை எத்தனை வருஷம் கழித்தோ. அதுவரை தாங்கமாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். இடுப்பைச் சுற்றி எண்ணெய் தடவிக்கொண்டாள்.

முதலில் தலை. பிறகு ஒரு தோள். கையை நீட்டிச் சரித்ததும் இன்னொன்று. மார்பு நசுங்கி நழுவியது. இடுப்பில் வந்து பிடித்துக்கொண்டது.

போன வாரமும் இங்கேதான் பிடித்தது. மூச்சை மிச்சமில்லாமல் வெளியே விட்டாள். எலும்பு தேய்ந்தது, தோல் எரிந்தது. 'போயிடு, போயிடு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் உடம்பிடமே கெஞ்சினாள். அரை விரற்கடை. இன்னும் கொஞ்சம்.

குளியலறை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த முகத்தில் வெயில் அடித்தது. மூன்று மாடிக்குக் கீழே கார்களின் கூரைகள் தெரிந்தன. எட்டிப் பிடிக்கும் தூரத்தில், சாரத்துப் பலகைமேல், பெயிண்ட் உருளையும் கையுமாக ஒரு பெண் வாயைப் பிளந்து நின்றாள்.

"அக்கா, கத்திடாதீங்க... என் கையைப் பிடிச்சு இழுக்கிறீங்களா?"