எட்டு மாதச் சாட்சி

பிரிஜெட் கடைசியாகக் கிழித்த மாத்திரை அட்டை, அவள் போட்டோவுக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பத்தில் நான்கு மாத்திரைகள் மிச்சம். போட்டோவுக்கு ஒரு மல்லிகைச் சரம், அட்டைக்கு ஒரு மல்லிகைச் சரம்.

முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். பெங்களூரு பிரேசர் டவுன் வீட்டு ஹாலில் இருபது பேர் மண்டியிட்டிருந்தார்கள். பிரிஜெட்டின் கணவன் ரெமிஜியஸ் மட்டும் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க மாப்பிள்ளைக்கு மட்டும் முட்டி மடங்காது," என்றாள் மாமியார் ஆஞ்சலா. "ஒரு வருஷமா இப்படித்தான் நிக்கிறாரு."

இருபது தலைகள் திரும்பின. அவன் நகரவில்லை.

ஆஞ்சலா சட்டத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். சிவாஜிநகரிலிருந்து சந்தாபுரா வரை அவள் இந்தச் சாட்சியைச் சொல்லாத ஜெபக் கூட்டம் இல்லை.

"ஒம்பது வயசுலேருந்து என் பொண்ணுக்கு பிட்ஸ். மாத்திரை இல்லாம ஒரு வாரம் தாங்க மாட்டா. இதோ, இந்த அட்டையை ஆண்டவர் பாதத்துல தூக்கிப் போட்டா. அதுக்கப்புறம் எட்டு மாசம் ஒரு டைம் கூட வலிப்பு வரல. அல்லேலூயா சொல்லுங்க!"

"அல்லேலூயா!"

"அப்புறம் ஏன் செத்துப் போனாள்னு கேப்பீங்க. இதோ நிக்கிறாரே, இவரைக் கேளுங்க. எட்டு மாசமும் பொண்டாட்டியைத் தாங்கு தாங்குன்னு தாங்குனாரு. காலையில ராகிக் கஞ்சியைக் கூட இவருதான் காய்ச்சுவாரு, நான் கிச்சன்ல காலை வைக்கக் கூடாது. ஆபீஸ்ல ஹூப்ளிக்குப் போகச் சொன்னதும் பத்து நாளைக்குப் பறந்துட்டாரு. அங்க யாரு காத்துக்கிட்டு இருந்தாளோ!"

ரெமிஜியஸ் தரையைப் பார்த்தான்.

"ஒம்பதாம் நாள் வலிப்பு வந்துச்சு. நிக்கவே இல்ல. மூணு மணி நேரம் இந்தத் தரையில விழுந்து கெஞ்சினேன்."

"ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான் அத்தை," என்றான் அவன்.

"வாயை மூடு! கெஞ்சினேன், கேக்கப்படல. ஏன்? இந்த வீட்டுல ஒருத்தன் பாவத்தை மறைச்சு வெச்சிருந்தான். அப்படிப்பட்ட வீட்டு ஜெபம் கூரையைத் தாண்டாது."

அன்று அவனும் ஜெபித்தான். போன் வந்ததும் ஏறிய ரயிலில், கதவோரம் நின்று, ஏழு மணி நேரம். அவன் கேட்டது இரண்டே இரண்டு. அவள் பிழைக்க வேண்டும். தான் செய்தது யாருக்கும் தெரியக் கூடாது. இரண்டாவது மட்டும் கிடைத்தது. அதன் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை.

ஆஞ்சலா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து தரையில் வைத்தாள். ஏற்கனவே அதில் யார் யாருடைய பிபி, சுகர் மாத்திரைகளோ கிடந்தன. முன்வரிசையில் துணிக்கடையில் வேலை செய்யும் சோனியா, பதினோரு வயது மகள் தர்ஷினியை அணைத்தபடி இருந்தாள். தர்ஷினிக்கும் அதே வலிப்பு.

"போடு சோனியா. என் பொண்ணு போட்ட மாதிரி போடு."

சோனியா கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். "ஒரு வேளை கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா..."

"டாக்டர் பெரியவரா, ஆண்டவர் பெரியவரா? எட்டு மாசம்மா! இதைவிட உனக்கு என்ன சாட்சி வேணும்?"

அட்டை தட்டில் விழுந்தது.

ரெமிஜியஸ் மண்டியிட்டவர்களைத் தாண்டிக்கொண்டு வந்தான். தட்டில் கையை விட்டு அந்த அட்டையை எடுத்து, சோனியாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான்.

"ஏய்! தொடாதே அதை!" ஆஞ்சலாவின் குரல் கிழிந்தது. "என் பொண்ணைத் தின்னது பத்தலையா? இந்தக் குழந்தையும் சாகணுமா? பாவி! ஒரு வருஷமா நான் கேக்குற ஜெபம் ஒண்ணே ஒண்ணு. உன் பாவத்தை உன் வாயாலயே நீ ஒத்துக்கணும். முட்டி போடு! ஹூப்ளில என்ன பண்ணேன்னு சொல்லு!"

அவன் மண்டியிட்டான்.

ஆஞ்சலாவே அதை எதிர்பார்க்கவில்லை.

"ஹூப்ளில ஒண்ணும் பண்ணல," என்றான். "கிளம்பறப்பதான் தப்புப் பண்ணேன். உங்ககிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கணும். பயந்துக்கிட்டு சொல்லல. பத்து நாள்ல என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன். உங்க பொண்ணு செத்தது என்னாலதான் அத்தை."

ஆஞ்சலா கண்களை மூடி, ஒரு கையை உயர்த்தினாள். கன்னத்தில் நீர் வழிந்தது. "என் ஜெபத்தைக் கேட்டீரே ஆண்டவரே! சொல்லு. எல்லார் காதுலயும் விழட்டும். என்ன சொல்லாமப் போனே?"

அவள் இன்னொரு கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தபடி அவன் சொன்னான்:

"தினமும் கஞ்சியில மாத்திரையைப் பொடிச்சுப் போடணும்னு."