கதவுக்குள் ரெண்டு கம்பி

"ரெண்டும் ஒரே லைன்ல வர்ற வண்டிதான் சார். வெளிநாட்டுக்குப் போறதுக்குக் கதவுக்குள்ள ரெண்டு இரும்புக் கம்பி, நமக்கு ஒண்ணு. நம்ம வண்டில ஹாரன்தான் பெருசு. நம்ம எலும்பு இன்னா, இரும்பா?"

செங்கல்பட்டு வக்கீல் அப்துல் கையூமின் மேசையைத் தட்டினார் ஞானதாஸ். அந்த வண்டிகளைச் செய்யும் கார் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கதவு மாட்டுகிறவர். மாமல்லபுரம் சாலையில் அந்தக் கம்பெனிக் காரை லாரி பக்கவாட்டில் இடித்ததில், அவர் மாட்டிய கதவே நசுங்கி, மகள் கவியா இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்திருக்கிறாள்.

"ஒரு கம்பியை எடுக்கச் சொன்னது யாருன்னு தெரிஞ்சா கேஸ் நிக்கும், அண்ணே. கம்பெனிகிட்ட காகிதம் கேட்டிருக்கேன்."

"எவனா இருந்தாலும் உடாதீங்க சார். அவன் புள்ள இப்படிக் கெடந்தாத்தான் தெரியும்."

அடுத்த வாரம் காகிதம் வந்தது. வக்கீல் படித்தார்.

"'உள்ளூர் வண்டிக்கு ஒரு கம்பி போதும், செலவு மிச்சம்.' தொழிலாளர் யோசனைப் பெட்டில ஒருத்தர் எழுதிப் போட்டிருக்கார். அதுக்கு முதல் பரிசு, ஒரு குக்கர்."

ஞானதாஸ் கவியாவுக்குக் காலையில் கஞ்சி வைத்தது அந்தக் குக்கரில்தான்.

வக்கீல் காகிதத்தின் அடியிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"உங்க லைன்ல ஞானதாஸ்னு இன்னொருத்தர் இருக்காரா, அண்ணே?"