எழுத்தில் வந்த சீட்டு

ஆஸ்பத்திரி ஆவண அறையில் எந்த நோயாளியின் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அட்டவணைப் புத்தகத்துக்கு அத்துப்படி. ஒரு காலையில் ஆபரேஷன் அறையிலிருந்து ஒரு சீட்டு வந்தது.

"நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழாம் கோப்பு வேண்டும். ரத்தம் ஏற்றணும், ரத்த வகை அதில்தான் இருக்கிறது, அவசரம்."

"இலக்கத்தில் கேட்டால்தான் திறப்பேன். 4217 என்று மாற்றிக்கொண்டு வா," என்றது புத்தகம்.

"நான் பெரிய டாக்டர் எழுதிய சீட்டு. மாறுவதானால் உன் கோப்புகள் மாறட்டும்."

நமக்கென்ன வந்தது என்று புத்தகம் மூடிக்கொண்டது.

சீட்டு ஏணியில் ஏறி முதல் அலமாரியிலிருந்து தேடியது. ஒவ்வொரு கோப்பும் தன் எண்ணை எழுத்தில் சொல்ல, சீட்டு ஒத்துப்பார்த்தது. மத்தியானம்தான் கோப்பு கிடைத்தது.

"கிடைத்ததா இல்லையா?" என்று புத்தகத்திடம் பெருமையாகக் கேட்டது சீட்டு.

சாயங்காலம் வேறொரு சீட்டு வந்தது. "4217. இறந்துவிட்டார். கோப்பை முடிக்கவும்."

புத்தகம் உடனே திறந்து இடத்தைக் காட்டியது.